பொதுப்பையில் போன மிட்டாய்

"மிஸ், என் மிட்டாய மட்டும் எடுத்துக்கட்டுமா?"

கொள்ளிடக் கரையில், மேலூரைத் தாண்டி, வாழைத் தோட்டம் முடிகிற இடத்தில் தர்ஷினி இப்படிக் கேட்டாள். மாசி மாதம்தான், ஆனாலும் பத்தரை மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் மட்டும் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு நீளமாகக் கிடந்தது. எனக்கு முன்னால் இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் அணி அணியாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"பன்னெண்டு மணிக்கு எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடணும்," என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு மிஸ்."

"எதுக்கு?"

அவள் குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள். "சும்மாதான் மிஸ்."

சும்மா கேட்கிறவர்களுக்கெல்லாம் வளைந்துகொடுத்தால் குழு நடத்த முடியுமா? "நட," என்றேன். அவளும் நடந்தாள். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பெண்.

சாரணியர் குழு நடத்த ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளைகளை எவ்வளவோ அதட்டியிருக்கிறேன், எதற்கும் வருத்தப்பட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், எங்கள் குழுவுக்குப் புதுக்குடும்பம் ஒன்று எப்படி வந்து சேருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை

இந்தத் தொடரில் போன வாரம் வந்த பகுதியைப் படித்துவிட்டு ஒரு அம்மா என் கடைக்கே வந்துவிட்டார். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருப்பதைத்தான் ஏற்கெனவே எழுதித் தொலைத்துவிட்டேனே. "எம் பொண்ணையும் சேக்கணும், ஃபீஸ் எவ்வளவு, யூனிஃபார்ம் எங்க வாங்கணும்?" என்று கையில் பையோடு நின்றார். எல்லாரும் முதலில் கேட்பது யூனிஃபார்மைத்தான். கடைசியில் கொடுப்பதும் அதைத்தான்.

மன்னார்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மைதானம். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் எங்களுக்கு விடுவார்கள். புதிதாக வருகிற பெண் நான்கு ஞாயிற்றுக்கிழமை வெறுமனே வந்து போகவேண்டும். முதல் வாரம் குடும்பமே கூட உட்காரலாம். இரண்டாவது வாரத்திலிருந்து பெற்றோர் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம்தான். மூன்றாவது வாரம் பிள்ளை தன் பையைத் தானே அடுக்கிக்கொண்டு வரவேண்டும். யார் அடுக்கினது என்று பையைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிடும். அம்மா அடுக்கின பையில் துண்டு மடிப்புக் கலையாமல் இருக்கும். நான்காவது ஞாயிறு நடைப்பயணம். அதற்குப் பிறகுதான் உறுதிமொழி, கழுத்தில் ஸ்கார்ஃப், யூனிஃபார்ம் எல்லாம்.

பெற்றோரையும் சும்மா விடுவதில்லை. புதுக்குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. ஒருவர் முகாமுக்குச் சாமான் ஏற்றிவர வண்டி கொண்டுவருவார், ஒருவர் காய் நறுக்குவார், ஒருவர் கூடாரத்துக் கிழிசல் தைப்பார். அப்படி ஒரு வேலை கையில் வந்துவிட்டால் பிள்ளையின் பின்னாலேயே சுற்றுவதை நிறுத்திவிடுவார்கள். இது என் அனுபவத்தில் கண்ட மருந்து.

முதல் நாள் வேடிக்கைகளுக்குக் கணக்கே இல்லை. உலகம் முழுக்கச் சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்குவார்கள். பாலக்கரையில் பாத்திரக் கடை வைத்திருக்கிறவர் ஒருவர், நெற்றி நிறைய விபூதியும் மடிப்பு வேட்டியுமாகப் பெண்ணைக் கூட்டிவந்தார். நான் இடது கையை நீட்டியதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். காலங்காத்தால இடது கையை நீட்டுகிறாளே இந்த அம்மா என்று மனசுக்குள் திட்டியிருப்பார். விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சாமி கும்பிடுகிற முகத்தோடு இடது கையைக் கொடுத்தார். அடுத்த மாதம், கடைக்கு வந்த சம்பந்திக்கும் ஞாபகமில்லாமல் அதே கையை நீட்டி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதாக அவரே வந்து சொன்னார். இன்றைக்கு எங்கள் முகாமுக்கெல்லாம் பாத்திரம் அவர் கடையிலிருந்துதான் வருகிறது.

நான் போட்ட சட்டம்

நடைப்பயணத்துக்கு என்று நானே போட்ட சட்டம் ஒன்று உண்டு. கிளம்பும்போது ஒவ்வொரு பெண்ணும் கொண்டுவந்த தின்பண்டத்தை ஒன்று விடாமல் தன் அணியின் பொதுப்பையில் போட்டுவிட வேண்டும். பை பாதி வழிவரை சைக்கிளில் எங்களோடு வந்துவிட்டு, அப்புறம் முன்னாலேயே சாப்பிடுகிற இடத்துக்குப் போய்விடும். மத்தியானம் எல்லாருக்கும் பங்கு.

இதற்குக் காரணம் உண்டு. குழு ஆரம்பித்த புதிதில் ஒருமுறை எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். ஒருத்தி டப்பாவில் முந்திரிக் கேக்கு, இன்னொருத்தியிடம் நெய் முறுக்கு. ஒரு பெண் மட்டும் மரத்துக்கு அந்தப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டாள். எட்டிப் பார்த்தேன். பழைய சோறும் ஊறுகாயும். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. அடுத்த மாதமே பொதுப்பை வந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் மரத்துக்குப் பின்னால் போகவில்லை.

ஆகையால் அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு அசாத்தியப் பெருமை. வெளியூர் முகாம்களில்கூட எழுந்து நின்று இதைப்பற்றிப் பேசியிருக்கிறேன். கைதட்டியிருக்கிறார்கள்.

சேர்க்கைப் படிவமும் என் கைவண்ணம்தான். சொந்தக் கடை, சொந்தக் கம்ப்யூட்டர், யாரைக் கேட்கவேண்டும்? "உடல்நலக் குறைவு ஏதும் உண்டா? ஆம் / இல்லை. ஆம் எனில் மருத்துவச் சான்று இணைக்கவும். சேர்க்கை குழுவின் முடிவுக்கு உட்பட்டது." கடைசி வரியை எழுதியபோது ஏதோ பெரிய அலுவலகம் நடத்துகிற மாதிரி ஒரு மிதப்பு எனக்கு.

திருவெறும்பூரிலிருந்து ஒரு ஸ்கூட்டர்

தர்ஷினிக்கு அப்போது பதினோரு வயது. துறையூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை கிடைத்துத் திருவெறும்பூருக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மா பெயர் செல்வி. முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான தேகம், கேட்டால் மட்டும் பேசுகிற சுபாவம். புது ஊரில் பெண்ணுக்குச் சிநேகிதிகளே இல்லை, ஸ்கூல் விட்டால் வீடு என்று கிடக்கிறாள், அதனால்தான் கூட்டிவந்தேன் என்று முதல் நாள் சொன்னார். படிவத்தை வாங்கி வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு 'இல்லை' என்பதில் டிக் போட்டுக் கொடுத்தார்.

இரண்டாவது வாரம் செல்வி வேப்பமரத்துக்குப் பின்னால் உட்காரவேயில்லை. நின்றுகொண்டே இருந்தார். மூன்றாவது வாரம் மரத்துக்கு முன்னால் வந்து நின்றார். நான் கையைக் காட்டிப் பின்னால் அனுப்பினேன். இப்படிப்பட்ட அம்மாக்களை எனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

தர்ஷினியை நஸ்ரின் அணியில் போட்டேன். நஸ்ரின் பாலக்கரைப் பெண், பதினாலு வயது. ஆறு பேர் கொண்ட அணிக்குத் தலைவி. அதிர்ந்து பேசமாட்டாள், ஆனால் அவள் சொன்னால் மற்ற ஐந்து பேரும் கேட்பார்கள். மூன்றே வாரத்தில் தர்ஷினி அவள் நிழலாகிவிட்டாள். போகும்போது கையசைக்க அம்மாவைத் தேடுவதைக்கூட விட்டுவிட்டாள்.

நான்காவது ஞாயிறு, நடைப்பயணம். கிளம்புகிற இடத்தில் நஸ்ரின் தன் அணியின் பொதுப்பையைத் திறந்து பிடித்தாள். தர்ஷினி ஒரு சின்ன டப்பாவைப் போட்டாள். உள்ளே ஆரஞ்சு மிட்டாய். போட்ட பிறகும் கையை எடுக்காமல் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். "விடு தர்ஷினி, யாரும் பிடுங்கித் தின்னமாட்டாங்க," என்று நான் கிண்டல் செய்தேன். எல்லாரும் சிரித்தார்கள். கையை எடுத்துவிட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தேன். கரை மேலே ரோட்டில் ஒரு ஸ்கூட்டர் ஊர்ந்து வந்தது. அப்பா ஓட்ட, செல்வி பின்னால். புதுக்குடும்பங்களில் பாதி இப்படி ஒளிந்து ஒளிந்து வருவார்கள். நாங்கள் பார்க்கவில்லை என்று அவர்களுக்கு நினைப்பு. திரும்பும்போது நன்றாகக் கேட்டுவிடவேண்டும் என்று மனசுக்குள் வசனம் எழுதிக்கொண்டே நடந்தேன்.

அப்புறம்தான் அவள் வந்து மிட்டாய் கேட்டாள். நான் 'நட' என்றேன்.

பத்து நிமிஷம்

நஸ்ரின் என்னிடம் ஓடிவந்தபோது மூச்சு வாங்கியது. "மிஸ், தர்ஷினி ஒரு மாதிரி பேசுறா. என்ன கேட்டாலும் ஏதோ சொல்றா."

போய்ப் பார்த்தேன். மணலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில், மூக்குக்குக் கீழே, கழுத்தில் எல்லாம் வியர்வை. கை நடுங்கியது. உதடு வெளுத்திருந்தது. வெயில்தான் என்று நினைத்தேன். நிழலுக்குக் கொண்டுபோங்கள், தண்ணீர் கொடுங்கள் என்று கட்டளை போட்டேன். "என்னம்மா செய்யுது?" என்று கேட்டதற்கு என்னை யாரென்றே தெரியாதவள் போலப் பார்த்தாள். முதலுதவி வகுப்பு எடுக்கிறவள் நான். ஈரத்துணி கொண்டுவா என்று கத்திக்கொண்டிருந்தேன்.

கரை மேலிருந்து செல்வி ஓடிவந்தார். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது. என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மணலில் மண்டியிட்டார். கைப்பையிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, பாட்டில் மூடியில் கரைத்து, மகளின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். "முழுங்கு கண்ணு. முழுங்கு."

தர்ஷினி விழுங்கினாள். விழுங்க முடிந்ததே, அதுதான் நாங்கள் செய்த புண்ணியம்.

பின்னாலேயே இறங்கிவந்த அவள் அப்பா, மகளின் விரலில் குத்தி ஒரு சின்னக் கருவியில் ரத்தத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தார். அந்தப் பத்து நிமிஷமும் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். சர்க்கரை நோய் என்றால் வயதானவர்களுக்கு வருவது என்றுதான் அதுவரை என் நினைப்பு. இரண்டு வருஷமாகத் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிற பெண் அவள். அன்றைக்கு நடைப்பயணக் குஷியில் நாலு இட்லி தின்கிற இடத்தில் இரண்டு தின்றுவிட்டு வந்திருக்கிறாள். அதற்கு மேல் இரண்டு மணி நேர நடை. இன்சுலின் போட்டபிறகு சாப்பாடு குறைந்தால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடுமாம். கை நடுங்கினால் உடனே மிட்டாயை வாயில் போட்டுக்கொள், ஆனால் எதற்கு என்று யாரிடமும் சொல்லாதே. இதுதான் அம்மா சொல்லி அனுப்பியது.

அந்த மிட்டாய் அப்போது சைக்கிளில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

மகளை ஸ்கூட்டரில் நடுவில் உட்காரவைத்து டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். செல்வி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழன்ற செருப்பை நஸ்ரின் எடுத்துவந்து கொடுத்தபோது அவளுக்கு மட்டும் தலையசைத்தார்.

எதை எழுதுவது

இரண்டு ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. முதல் வாரம் எனக்கு செல்வி மேல் கோபம்கூட வந்தது என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். பொய் சொல்லிச் சேர்த்தது யார்? நானா? படிவத்தில் டிக் போட்டிருக்கிறாரே! கடையில் வருகிற போகிறவர்களிடமெல்லாம் பெயர் சொல்லாமல் இதைச் சொல்லி நியாயம் கேட்டேன். எல்லாரும் என் பக்கம்தான் பேசினார்கள். அப்படியும் மனசு ஆறவில்லை. அந்தப் பெண் என்னிடம் கேட்டாளே.

மூன்றாவது வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு திருவெறும்பூருக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே அதே ஸ்கூட்டர் நின்றது. செல்வி கதவைத் திறந்து, "வாங்க," என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "அவ கேட்டா. நான்தான் குடுக்கலை. மன்னிச்சிடுங்க," என்று மட்டும் சொன்னேன்.

செல்வி தம்ளரைத் திரும்ப வாங்கி வைத்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார். இங்கே வந்த புதிதில் நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போனாராம். உண்மையைச் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு எதற்கு வம்பு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்தது டான்ஸ் வகுப்பு. அங்கேயும் சொன்னார். டாக்டர் சான்று கேட்டார்கள், கொண்டுபோய்க் கொடுத்தார், அதற்கும் பிறகு இடமில்லை என்றார்கள். மகள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

"உங்க ஃபாரத்துலயும் அதே மாதிரிதாங்க இருந்துச்சு," என்றார். "உண்மைய எழுதுனா சேத்துக்க மாட்டேங்கிறாங்க. எழுதலைன்னா புள்ள விழுது. நான் எதத்தாங்க எழுதட்டும்?"

அந்தக் கடைசி வரியை ஒரு மிதப்பில் நான்தானே அடித்தேன்.

இனி அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். பெண் பிள்ளை, நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்கு அவளுக்குத்தான் கஷ்டம் என்றார். தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால்தான் அவளுக்குப் பத்திரம் என்று நான் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று அவர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அப்போதுதான் உள் அறையிலிருந்து தர்ஷினி வந்தாள். என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

"நஸ்ரின் அக்காட்ட நானே சொல்லிக்கிறேம்மா. நீ யாருக்கும் சொல்ல வேணாம். நான் போகணும்."

செல்வியின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

இப்போதைய படிவம்

அன்றைக்கே கடையைத் திறந்து அந்த வரிகளை எல்லாம் அழித்தேன். இப்போது எங்கள் படிவத்தில் இருப்பது இதுதான்: "உங்கள் பெண் எங்களோடு நன்றாக இருக்க நாங்கள் என்னவெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்? எதை எழுதினாலும் அவளுக்கு இடம் உண்டு." கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதாது என்று, ஏற்கெனவே இருக்கிற எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். திரும்பி வந்ததைப் படித்தபோது கடையில் தனியாக இருந்தது நல்லதாகப் போயிற்று. ஒருத்திக்கு வீசிங். ஒருத்திக்குச் சின்ன வயதில் வலிப்பு. ஒருத்திக்கு ஒரு காது கேட்காது. நான் கூப்பிட்டுத் திரும்பாததற்கு எத்தனை முறை அவளைத் திட்டியிருப்பேன்! வருஷக்கணக்காகக் கூட்டிக்கொண்டு அலைந்த பிள்ளைகள். எல்லாரையும் எனக்குத் தெரியும் என்று இருந்திருக்கிறேன்.

தர்ஷினி சொன்னபடியே செய்தாள். அணி வட்டத்தில் எழுந்து நின்று, கருவியைக் காட்டி, கை நடுங்கினால் என்ன, பேச்சு மாறினால் என்ன என்று விளக்கினாள். பொதுப்பையை எடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்று நஸ்ரின் அணி கூடிப் பேசித் தீர்மானித்தது. தின்பண்டம் பொதுப்பையில் போகும். குளுக்கோஸ் மட்டும் ஆறு பேரிடமும் ஆளுக்கு ஒரு பொட்டலம். எந்த நேரத்தில் யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று சொல்லமுடியாதே. எனக்குத் தோன்றவில்லை இது.

புதுக்குடும்பத்துக்கு ஒரு வேலை என்றேனே, செல்விக்கு என்ன வேலை என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முதல் ஞாயிறு வருகிற பெற்றோரிடம் இப்போது படிவத்தைக் கொடுப்பது அவர்தான். "நான் முதல்ல இதுல பொய் எழுதினேங்க," என்றுதான் ஆரம்பிப்பார். அதற்குமேல் யாரும் எதையும் மறைப்பதில்லை. இன்றைக்குத் திருச்சியில் எந்த வீட்டுப் பெண்ணையும் தைரியமாக எங்களிடம் விடலாம் என்று நான் மார்தட்டுகிறேன் என்றால் அதில் பாதி செல்வியைச் சேரும்.

அடுத்த நடைப்பயணம் ஆடி மாதம், முக்கொம்புப் பக்கம். காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. நஸ்ரின் அணி முன்னால் போனது. பாதி வழியில் தர்ஷினி கையைத் தூக்கி, "நிக்கணும்," என்றாள். ஆறு பேரும் நின்றார்கள்.

பழக்கம் எங்கே போகும்? "அதோ மரம் தெரியுது பார், இன்னும் அஞ்சு நிமிஷம், அங்க போய் உக்காந்துக்கலாம்," என்று என் வாய் சொல்லிவிட்டது.

"இல்ல மிஸ். இப்பவே," என்றாள் தர்ஷினி. நடுவழியில், பாதையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நஸ்ரின் அதற்குள் பொட்டலத்தைக் கிழித்திருந்தாள். பின்னால் வந்த அணிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

அவள் முகத்தில் நேராக வெயில் அடித்தது. நான் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் மேல் என் நிழல் விழுகிறபடி நின்றேன். அவள் எழுந்திருக்கிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.